தக்காளிக் காயின் அடி கருப்பது ஏன்? நான்கு தொட்டிச் செடிகளின் நிகழ்வு ஆய்வு

வீட்டில் முதல்முறையாகத் தக்காளி வைப்பவர்களை மிகவும் கலங்கடிப்பது காயின் அடி கருத்துப்போவதுதான். செடி தழைத்து நிற்கும், பூ பிடிக்கும், காய் எலுமிச்சை அளவுக்கு வரும். அப்புறம் ஒருநாள் காம்புக்கு நேர் எதிர்ப்பக்கம், பூ ஒட்டியிருந்த இடத்தில், நீர் கோத்தாற்போல் ஒரு புள்ளி தெரியும். சில நாட்களில் அது நாணய அளவுக்கு விரிந்து, பழுப்பாகி, தோல் போலக் காய்ந்து உள்வாங்கும். பூமுனை அழுகல் என்கிறார்கள். பூஞ்சையாலோ பூச்சியாலோ இது வருவதில்லை. ஒரு செடியிலிருந்து இன்னொன்றுக்குத் தொற்றவும் செய்யாது. காய் உருவாகும் நாட்களில் அதன் நுனிக்குக் கால்சியம் போதுமான அளவு போய்ச் சேராமல், அங்குள்ள செல்கள் சிதைந்துபோவதுதான் நடப்பது.

கால்சியம் குறைவு என்று கேள்விப்பட்டதும் பலரும் முட்டை ஓட்டைப் பொடித்துப் போடுகிறார்கள். பெரும்பாலும் பலன் இருப்பதில்லை. காரணம், தொட்டி மண்ணில் கால்சியம் இல்லாமல் போவது அரிது. இருக்கிற கால்சியத்தைக் காய்க்குக் கொண்டுபோகத் தண்ணீர் சீராகக் கிடைக்காததே வழக்கமான கோளாறு. கீழே வரும் நான்கு செடிகளில் இது தெளிவாகத் தெரிகிறது.

தொட்டியும் செடியும்

நான்கும் ஒரே பாக்கெட் விதை, ஒரே குழித்தட்டில் முளைத்த நாற்று. நீள்வடிவக் காய் தரும், உயரமாக வளர்ந்துகொண்டே போகும் ரகம். நீள்வடிவக் காய் ரகங்களுக்குப் பூமுனை அழுகல் எளிதில் வரும். செர்ரி தக்காளிக்கு அரிதாகவே வரும். விதைத்து நான்கு வாரத்தில் தொட்டிக்கு மாற்றப்பட்டன.

வேறுபாடு தொட்டியில்தான். முதல் இரண்டு செடிகள் 20 செ.மீ. அகலம், 25 செ.மீ. ஆழமுள்ள கறுப்பு பிளாஸ்டிக் வாளிகளில் இருந்தன. ஒவ்வொன்றும் ஏறக்குறைய 8 லிட்டர் மண் கொள்ளும். மற்ற இரண்டும் 30 செ.மீ. அகலம், 30 செ.மீ. ஆழமுள்ள வெள்ளை நிற வளர்ப்புப் பைகளில். அவை ஏறக்குறைய 21 லிட்டர். மண் கலவை எல்லாவற்றுக்கும் ஒன்றே: தோட்ட மண், தென்னை நார்க்கழிவு, மண்புழு உரம் மூன்றும் சம பங்கு. தினமும் மாலையில் ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணீர். வார இறுதியில் வீட்டில் ஆள் இல்லாதபோது ஒருநாள் தண்ணீர் விடுபட்டிருக்கிறது.

தொட்டிக்கு மாற்றி ஏழாவது வாரத்தில் நிலைமை இது. வாளியில் இருந்த முதல் செடியில் ஒன்பது காயில் ஏழின் அடி கருத்திருந்தது. இரண்டாவதில் எட்டுக்கு ஐந்து. பையில் இருந்த மூன்றாவது செடியின் முதல் கொத்தில் ஒரே ஒரு காய். நான்காவதில் ஒன்றுமில்லை.

விதை, மண், வெயில், ஊற்றும் தண்ணீர் எல்லாம் ஒன்றாக இருக்க, மண்ணின் கொள்ளளவும் தொட்டியின் நிறமும் மட்டும் வேறாக இருந்தன. நோய் என்றால் பக்கத்துப் பைக்கும் பரவியிருக்கும். மண்ணில் கால்சியமே இல்லை என்றால் நான்கும் ஒரே மாதிரி பாதிக்கப்பட்டிருக்கும்.

கொடுத்த மருந்துகள்

முதல் காய் கருத்ததும் வாளிக்கு ஒரு கைப்பிடி முட்டை ஓட்டுத் தூள் போடப்பட்டது. முட்டை ஓடு கால்சியம் கார்பனேட்தான், ஆனால் மண்ணில் கரைய மாதக்கணக்கில் ஆகும். அமிலத்தன்மை குறைந்த மண்ணில் இன்னும் மெதுவாகக் கரையும். இந்தப் பருவத்துக் காய்க்கு அது எட்டவே எட்டாது.

அடுத்து எப்சம் உப்புக் கரைசல் தெளிக்கப்பட்டது. எப்சம் உப்பு மெக்னீசியம் சல்பேட். அதில் கால்சியம் துளியும் இல்லை. மண்ணில் சேரும்போது மெக்னீசியம் வேரின் வாசலில் கால்சியத்தோடு போட்டி போடும். இலை நரம்புகள் பச்சையாகவே இருக்க, நரம்புகளுக்கு இடைப்பட்ட பகுதி மட்டும் மஞ்சளானால் அது மெக்னீசியக் குறையாக இருக்கலாம். அப்போதுதான் எப்சம் உப்புக்கு வேலை. இந்தச் செடிகளில் அப்படி எதுவும் தெரியவில்லை.

மூன்றாவதாகச் செய்ததுதான் உண்மையில் கேடு செய்தது: வாளிக்கு ஒரு தேக்கரண்டி யூரியா. யூரியாவில் 46 சதவீதம் தழைச்சத்து (நைட்ரஜன்). மண்ணில் அது முதலில் அம்மோனியமாக மாறும். அம்மோனியமும் கால்சியம் உள்ளே போவதைத் தடுக்கும். அதோடு செடி திடீரென்று புது இலைகளைத் தள்ளும். அந்த இலைகள் தண்ணீரையும் அதில் வரும் கால்சியத்தையும் தங்கள் பக்கம் இழுத்துக்கொள்ளும். காய்க்கு இருந்த பங்கும் குறைந்துபோகும்.

இலையில் கால்சியம் தெளிப்பதும் இங்கே அதிகம் உதவாது. ஒருமுறை இலையில் சேர்ந்த கால்சியம் அங்கிருந்து காய்க்கு நகர்வதில்லை.

வாளியைத் திறந்து பார்த்தபோது

மாலை ஐந்து மணிக்கு, தண்ணீர் ஊற்றுவதற்கு முன், வாளியைத் தூக்கினால் எடையே இல்லை. மண் வாளிச் சுவரை விட்டுச் சுண்டுவிரல் நுழையும் அளவுக்கு விலகியிருந்தது. ஒரு லிட்டர் தண்ணீரை மொத்தமாக ஊற்றியதும், அரை நிமிடத்துக்குள் அடித் துளை வழியே பெரும்பகுதி வெளியே வந்துவிட்டது. பார்ப்பதற்கு நன்றாக வடிகிறது என்று தோன்றும். ஒரு மெல்லிய குச்சியை நடுவில் பத்து செ.மீ. ஆழம் செருகி எடுத்தபோது அது காய்ந்தே வந்தது. தண்ணீர் முழுவதும் சுவரோரத்து இடைவெளி வழியாக இறங்கியிருக்கிறது. வேர்ப்பந்து நனையவே இல்லை. தென்னை நார்க்கழிவு ஒருமுறை நன்றாகக் காய்ந்துவிட்டால் தண்ணீரைச் சட்டென்று ஏற்காது. மெல்ல மெல்ல ஊற்றி ஊறவிட்டால்தான் மறுபடி நனையும்.

செடியை வெளியே எடுத்தபோது வேர்கள் சுவரைச் சுற்றிச் சுற்றிப் பாய் போலப் பின்னியிருந்தன. மேற்கு வெயில் படும் பக்கத்தில் மட்டும் அவை பழுப்பாகிச் செத்திருந்தன. கறுப்பு வாளியின் சுவர் பிற்பகலில் கை வைக்க முடியாத அளவு சுட்டிருக்கிறது. சுவரை ஒட்டியுள்ள வேர்தான் அந்தச் சூட்டில் முதலில் போகும். கால்சியத்தை உள்ளே இழுப்பதும் பெரும்பாலும் இளம் வேர் நுனிகள்தான். அதனால் வேர் இழப்பு இரட்டை நஷ்டம்.

கணக்கும் இதையே சொல்கிறது. காய் பிடித்த முழு வளர்ச்சிச் செடி நல்ல வெயில் நாளில் ஒன்றரை முதல் மூன்று லிட்டர் வரை தண்ணீர் குடிக்கும். எட்டு லிட்டர் கலவை முழுக்க நனைந்திருந்தாலும் செடி சிரமமின்றி எடுக்கக்கூடிய தண்ணீர் ஒன்றரை லிட்டர் அளவுக்குத்தான் இருக்கும். மாலையில் நிறைத்த தொட்டி மறுநாள் மதியத்துக்கே வறண்டுவிடும்.

கால்சியம் போகும் பாதை

கால்சியம் செடிக்குள் தானாக நகராது. வேரிலிருந்து மேலேறும் தண்ணீரோடு சேர்ந்துதான் போகும். இலைகள் பகல் முழுவதும் நீரை ஆவியாக்குவதால் தண்ணீரை வலுவாக இழுக்கின்றன. காயின் தோல் மெழுகு பூசியது. அதிலிருந்து ஆவியாவது மிகக் குறைவு. ஆகவே பகலில் வரும் கால்சியத்தில் பெரும்பங்கு இலைக்குப் போகிறது. இரவில் இலைத்துளைகள் மூடிய பிறகு, மண்ணில் ஈரம் இருந்தால், வேரின் அழுத்தம் நீரை மேலே தள்ளும். அப்போது காய்க்கும் ஒரு பங்கு கிடைக்கும். மண் வறண்டு கிடந்தால் அந்த இரவு அழுத்தமும் இல்லை.

காயின் நுனி இந்தப் பாதையின் கடைசி வீடு. அதனால்தான் கருப்பு எப்போதும் அடியில் தொடங்குகிறது, காம்புப் பக்கம் தொடங்குவதில்லை. காய் பிடித்த முதல் இரண்டு வாரத்தில் அது வேகமாகப் பருக்கும். கேடு நிகழ்வது பெரும்பாலும் அந்த நாட்களில்தான். கண்ணுக்குத் தெரிவது பிறகு. தண்ணீர் முறையை இன்று சரிசெய்தாலும் அடுத்த இரண்டு மூன்று வாரம் சில காய்கள் கருத்துக்கொண்டே வரும் என்பது இதனால்தான். அந்த இடைவெளியில் பொறுமை இழந்து இன்னொரு உரத்தைக் கொட்டுவதே பலரும் செய்யும் தவறு.

செய்த திருத்தம்

கருத்த காய்கள் எல்லாம் பறிக்கப்பட்டன. அவை தேறாது, செடியின் நீரையும் சத்தையும் வீணாகப் பிடித்து வைத்திருக்கும். யூரியாவும் எப்சம் உப்பும் நிறுத்தப்பட்டன.

முதல் செடி 21 லிட்டர் பைக்கு மாற்றப்பட்டது. காய்த்துக்கொண்டிருக்கும் செடியை மாற்றுவது கொஞ்சம் ஆபத்தான வேலைதான், ஆனால் மாலையில் செய்தால் தாங்கும். முதலில் வாளியைத் தண்ணீர் நிறைந்த ஒரு பெரிய பாத்திரத்தில் அரைமணி நேரம் வைத்து வேர்ப்பந்தை முழுக்க ஊறவைத்து, பிறகு வடியவிட்டார்கள். வாளியைப் பக்கவாட்டில் வெட்டி, பந்து உடையாமல் எடுத்து, அடியில் சுற்றியிருந்த வேர்களை மட்டும் விரலால் தளர்த்தி, பழைய மட்டத்தைவிட ஐந்து செ.மீ. ஆழமாக நட்டார்கள். தக்காளித் தண்டு மண்ணுக்குள் போனால் அங்கிருந்தும் வேர் விடும். முதல் மூன்று நாள் பிற்பகல் வெயிலுக்கு நிழல் கொடுத்தார்கள்.

இரண்டாவது செடி வேண்டுமென்றே வாளியிலேயே விடப்பட்டது. வாளியைச் சுற்றி வெள்ளைத் துணி கட்டி, தண்ணீரை மட்டும் மாற்றினார்கள்: காலை, மதியம், மாலை என மூன்று வேளை, வேளைக்கு முக்கால் லிட்டர்.

தண்ணீர் ஊற்றும் விதம் எல்லாச் செடிக்கும் மாறியது. முதலில் பாதி ஊற்றி, பத்து நிமிடம் விட்டு மீதி. சுவரோர இடைவெளியில் கலவை நிரப்பி அழுத்தப்பட்டது. மேலே நான்கு செ.மீ. கனத்துக்குக் காய்ந்த இலை மூடாக்கு, தண்டைச் சுற்றி மட்டும் கொஞ்சம் இடம் விட்டு. பைகளுக்குக் காலையில் ஒன்றரை லிட்டர். பிற்பகலில் விரலை ஐந்து செ.மீ. செருகிப் பார்த்து, காய்ந்திருந்தால் இன்னும் ஒரு லிட்டர். அளவைவிட இந்த விரல் சோதனைதான் முக்கியம். மேகமூட்டமான நாளில் அதே அளவை ஊற்றினால் வேர் மூச்சுத் திணறும். அழுகிய வேராலும் கால்சியத்தை எடுக்க முடியாது.

நார்க்கழிவு இந்தக் கலவையில் கழுவாமலேயே சேர்க்கப்பட்டிருந்தது. கழுவாத நார்க்கழிவில் சோடியமும் பொட்டாசியமும் மிகுதி. அதோடு அது கால்சியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். இந்தக் காரணத்துக்காக மட்டும் வாரம் ஒருமுறை லிட்டருக்கு ஒரு கிராம் கால்சியம் நைட்ரேட் கரைத்து, ஈரமான மண்ணில் தொட்டிக்கு ஒரு லிட்டர் ஊற்றப்பட்டது. இதை எப்சம் உப்போடோ பாஸ்பேட் உள்ள உரத்தோடோ ஒரே குவளையில் அடர்த்தியாகக் கலக்கக் கூடாது. வெள்ளையாகத் திரிந்து அடியில் படிந்துவிடும், செடிக்கு எதுவும் கிடைக்காது.

பிறகு

முதல் இரண்டு வாரம் எல்லாச் செடியிலும் ஓரிரு காய் கருத்தது. அதன்பின் முதல் செடியில் புதிதாகப் பிடித்த கொத்துகள் சுத்தமாக வந்தன. மூன்றாவதும் நான்காவதும் அப்படியே. வாளியில் விடப்பட்ட இரண்டாவது செடியும் தேறியது, ஆனால் ஒருநாள் மதியத் தண்ணீர் தவறியதன் தடயமாக ஒரே கொத்தில் இரண்டு காய்கள் கருத்தன. சிறிய தொட்டியில் தக்காளி வராது என்று இதற்கு அர்த்தமில்லை. சிறிய தொட்டி ஒரு வேளைத் தண்ணீர் மறதியைக்கூடப் பொறுக்காது, பெரிய தொட்டி பொறுக்கும். வேலைக்குப் போய்வருகிறவர்களுக்கு அந்தப் பொறுமைதான் தேவை.

நான்கு செடிகளை வைத்துப் பொதுவிதி சொல்ல முடியாது. ஆனால் இங்கே தெரிந்தது, தக்காளியின் நீரோட்டத்தைப் பற்றி நன்கு அறியப்பட்டதோடு முழுக்கப் பொருந்துகிறது.

இதே செடிகளில் கண்ட வேறு இரண்டு சங்கதி

மூன்றாவது செடியின் அடி இலைகள் மேல்நோக்கிக் குழல் போலச் சுருண்டிருந்தன. இலை கனமாக, பச்சையாகவே இருந்தது. நுனிக் குருத்து நன்றாக வளர்ந்தது. இது வெயிலுக்கும் நீர்த் தட்டுப்பாட்டுக்கும் செடி காட்டும் எதிர்வினை, ஒன்றும் செய்ய வேண்டாம். இலைச்சுருள் வைரஸ் வேறு மாதிரி இருக்கும்: நுனியில் வரும் புது இலைகள் சிறுத்து, ஓரம் மஞ்சளாகி, கிண்ணம் போல வளைந்து, செடி வளர்ச்சியே நின்றுபோகும். இதைப் பரப்புவது வெள்ளை ஈ. அப்படிப்பட்ட செடியைக் காப்பாற்ற முடியாது. பையில் போட்டு மூடி அப்புறப்படுத்தி, மற்றச் செடிகளின் இலைகளுக்கு அடியில் வெள்ளை ஈ இருக்கிறதா என்று பார்த்து, மஞ்சள் ஒட்டுப்பொறி தொங்கவிட வேண்டும்.

இன்னொன்று பூ உதிர்வு. பகல் வெப்பம் 35 டிகிரி செல்சியஸைத் தாண்டினாலோ, இரவு 24 டிகிரிக்குக் கீழே இறங்காவிட்டாலோ மகரந்தம் சரியாக வேலை செய்யாது. இரவு 13 டிகிரிக்குக் கீழே போனாலும் அப்படித்தான். காம்பின் கணுவிலிருந்து பூ கழன்று விழும். உரம் போட்டுத் தீராது. மற்ற நேரங்களில், காற்றும் தேனீயும் குறைந்த மூலையில் இருக்கும் செடிக்கு, காலை பத்து மணியிலிருந்து மதியத்துக்குள் பூங்கொத்தின் காம்பை விரலால் மெல்லச் சுண்டினால் போதும். தக்காளிப் பூவில் ஆண் பாகமும் பெண் பாகமும் ஒன்றாக இருப்பதால், அந்த அதிர்விலேயே மகரந்தம் உதிர்ந்து காய் பிடிக்கும்.

அடுத்த முறை விதையிலிருந்தே

விதையை அரை முதல் ஒரு செ.மீ. ஆழத்தில் விதையுங்கள். மண் 21 முதல் 29 டிகிரி செல்சியஸ் இருந்தால் ஐந்து முதல் பத்து நாளில் முளைக்கும். முளைத்த அன்றே நல்ல வெளிச்சத்துக்கு மாற்ற வேண்டும். நிழலில் இரண்டு நாள் விட்டால்கூட நாற்று நூலாக நீண்டு சாயும். முதலில் வரும் இரண்டு வித்திலைகளுக்குப் பிறகு நாலைந்து உண்மையான இலை வந்ததும், ஒரு வாரம் வெளி வெயிலுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்கி, அடி இலைகளைக் கிள்ளிவிட்டு, மேல் இலைகளுக்குக் கீழே வரை தண்டைப் புதைத்து நடுங்கள். நீண்டு போன நாற்றும் இந்த முறையில் தேறிவிடும்.

உயரமாக வளரும் ரகத்துக்கு ஒரு செடிக்கு 20 லிட்டர் தொட்டி, குட்டை ரகத்துக்கு 12 லிட்டருக்குக் குறையாமல். ஒரே தொட்டியில் இரண்டு செடி வைக்கும் ஆசை வேண்டாம். நேரடி வெயில் ஆறு மணி நேரமாவது வேண்டும். நார்க்கழிவை மூன்று முறை நல்ல தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்த பிறகே கலக்குங்கள். அடித்துளை நாலைந்து இருக்கட்டும். துளையை மறைக்கும் தட்டில் தண்ணீர் தேங்க விடாதீர்கள்.

ஒன்றரை மீட்டர் கம்பை நடும் அன்றே ஊன்றுங்கள். பிறகு ஊன்றினால் வேர் அறுபடும். துணிக் கீற்றால் எட்டு வடிவில் தளர்வாகக் கட்டினால் தண்டு இறுகாது. உயர ரகத்தில் இலைக்கும் தண்டுக்கும் இடையே கிளம்பும் பக்கத் தளிர்களை விரல் நீளத்துக்குள் கிள்ளுங்கள். குட்டை ரகத்தில் கிள்ளக் கூடாது. அதன் காய்களே அந்தக் கிளைகளில்தான் வரும்.

உரத்தைப் பொறுத்தவரை, பூ வரும்வரை தழை, மணி, சாம்பல் சத்துகள் மூன்றும் சமமாக உள்ள 19:19:19 கலப்பு உரம் லிட்டருக்கு இரண்டு கிராம், பத்து நாளுக்கு ஒருமுறை போதும். பூ வந்த பிறகு தழைச்சத்தைக் குறைத்துச் சாம்பல் சத்து (பொட்டாசியம்) உள்ள உரத்துக்கு மாறுங்கள். அதையும் அளவோடு, ஏனென்றால் மிகுதியான பொட்டாசியமும் கால்சியத்துக்குப் போட்டிதான். இலை கரும்பச்சையாகி, தண்டு பருத்து, பூ குறைந்தால் தழைச்சத்து கூடிவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம்.

இலையை நனைக்காமல் மண்ணில் மட்டும் ஊற்றுங்கள். அடி இலையில் வட்டத்துக்குள் வட்டமாகப் பழுப்புப் புள்ளி வந்தால் அது இலைக்கருகல் பூஞ்சை. அந்த இலைகளை அன்றே எடுத்துவிட வேண்டும். தண்ணீர் இருந்தும் செடி பச்சையாகவே திடீரென்று துவண்டால், அடித்தண்டைக் குறுக்கே வெட்டி ஒரு கண்ணாடிக் குவளைத் தண்ணீரில் தொங்கவிடுங்கள். பால் போன்ற இழை இறங்கினால் பாக்டீரியா வாடல். செடியோடு அந்த மண்ணையும் தொட்டிப் பயிருக்கு மறுபடி பயன்படுத்த வேண்டாம்.

காய் பச்சை மாறி இளஞ்சிவப்பு ஏறத் தொடங்கியதுமே பறிக்கலாம். இருபது முதல் இருபத்தைந்து டிகிரியில், வெயில் படாத இடத்தில் வைத்தால் முழுக்கச் சிவக்கும். கடும் வெப்பத்தில் செடியிலேயே விட்டால் சிவப்பு நிறமி சரியாக உருவாகாமல் ஆரஞ்சாக நின்றுவிடும்; திடீர் மழையில் தோலும் வெடிக்கும்.